வலிக்கு ஒரு தராசு

காய்ச்சல் எவ்வளவு என்று அறிய வெப்பமானி இருக்கிறது. எலும்பு முறிந்ததா என்பதை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். இரத்தத்தில் சர்க்கரையின் அளவை ஒரு துளி இரத்தமே சொல்லிவிடும். ஆனால் ஒருவர் வந்து, "உடம்பு முழுவதும் வலிக்கிறது, டாக்டர்" என்கிறார். எக்ஸ்ரே படத்தில் குறை ஒன்றும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது. மூட்டுகளில் வீக்கம் இல்லை. அவருடைய வலியை எந்தக் கருவியால் அளப்பது? அளக்க முடியாத ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அது வேலை செய்தது என்று எப்படி நிரூபிப்பது?

மருத்துவ விஞ்ஞானிகளைப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியால் திணற அடித்து வரும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. லத்தீன் மொழியில் 'ஃபைப்ரா' என்றால் நார். கிரேக்க மொழியில் 'மயோ' என்பது தசையையும் 'ஆல்கோஸ்' என்பது வலியையும் குறிக்கும். மூன்றையும் சேர்த்துத் தசைநார் வலி நோய் என்று நாம் சொல்லலாம். மக்கள் தொகையில் நூற்றுக்கு 2 முதல் 4 பேர் வரை இந்நோயால் துன்பப்படுகிறார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. பெண்களே மிகுதி. மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியது போலவே இல்லாத களைப்பு, மறதி, கவனக் குறைவு ஆகியவை இதன் அறிகுறிகள்.

வலியைவிடக் கொடுமை ஒன்றும் இதில் உண்டு. வெளியே எதுவும் தெரியாததால், "நன்றாகத்தானே இருக்கிறாய்! எல்லாம் வேலைக்குப் பயந்து போடும் வேஷம்" என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். சில மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படியே நினைத்தார்கள்.

பெயர் மாறிய கதை

1904-ஆம் ஆண்டில் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய வலிக்கு 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். தசைநார்களில் அழற்சி ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பின்னால் வந்தவர்கள் தசையைச் சிறிதளவு வெட்டி எடுத்து நுண்நோக்கியில் பார்த்தார்கள். அழற்சி எதையும் காணோம்! அதனால் 1976-ஆம் ஆண்டில் அழற்சியைக் குறிக்கும் சொல்லை விலக்கிவிட்டு, வலியை மட்டும் குறிக்கும் இன்றைய பெயரைச் சூட்டினார்கள்.

1990-ஆம் ஆண்டில் அமெரிக்க மூட்டுவாத மருத்துவக் கழகம் ஓர் அளவுகோலை வகுத்தது. உடலில் 18 இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். அவற்றில் 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்று கொள்ளலாம். 4 கிலோ அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசையா? பெருவிரலை மேசைமீது வைத்து, நகம் வெளுக்கும் வரை அழுத்துங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்களுக்கு அது ஓர் அழுத்தம்; அவர்களுக்கு அது வலி. 2010-ஆம் ஆண்டில் வந்த புதிய விதிகளில் இப்படி அழுத்திப் பார்ப்பது கைவிடப்பட்டது. எத்தனை பகுதிகளில் வலிக்கிறது, தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அதாவது நோயாளியின் சொல்லே இங்கு சான்று!

ஒலி கூட்டப்பட்ட வானொலி

அப்படியானால் இந்த வலி கற்பனையா? இல்லை. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகள் 16 பேரையும் நலமுள்ளவர்கள் 16 பேரையும் காந்தப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, கட்டைவிரல் நகத்தின்மேல் அழுத்தம் கொடுத்தார்கள். நலமுள்ளவர்களின் மூளையில் வலிக்குரிய பகுதிகள் பலத்த அழுத்தம் கொடுத்த பிறகுதான் விழித்தெழுந்தன. நோயாளிகளின் மூளையிலோ அதே பகுதிகள் மிக மெல்லிய அழுத்தத்துக்கே விழித்துக்கொண்டன. வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் குமிழை யாரோ முழுவதும் திருகிவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் அனுப்புவது அதே பாட்டுத்தான், பெட்டி அலறுகிறது.

இதற்குத் தூக்கத்துடனும் தொடர்பு உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1975-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். நலமுள்ள பல்கலைக்கழக மாணவர் சிலர் இரவில் ஆழ்ந்து உறங்கத் தொடங்கும் போதெல்லாம் ஓசை எழுப்பி அந்த ஆழத்தைக் கலைத்தார்கள். முழுவதும் விழிக்க வைக்கவில்லை. ஆழமான நிலைக்குப் போகவிடாமல் தடுத்தார்கள், அவ்வளவே. சில இரவுகளில் அம்மாணவர்களுக்கு உடல் வலியும் தொட்டால் நோகும் இடங்களும் தோன்றின! நிம்மதியாகத் தூங்கவிட்டதும் அவை மறைந்தன.

இன்னும் வியப்பான செய்தி 2021-ஆம் ஆண்டில் வந்தது. இங்கிலாந்திலும் சுவீடனிலும் உள்ள விஞ்ஞானிகள், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் சிறு அழுத்தத்துக்கும் குளிருக்கும் துடித்தன. எலிக்கு வேலைக்குப் பயந்து வேஷம் போடத் தெரியாது அல்லவா?

மருந்தா, காலமா, நம்பிக்கையா?

இனி மருந்துக்கு வருவோம். ஒரு விஞ்ஞானி புதிய மாத்திரை ஒன்றை 100 நோயாளிகளுக்குக் கொடுக்கிறார் என்று கொள்வோம். மூன்று மாதம் கழித்து அவர்களில் 30 பேர், "வலி பாதியாகக் குறைந்துவிட்டது" என்கிறார்கள். மாத்திரை வெற்றி என்று அறிவித்துவிடலாமா?

கூடாது. இந்த நோயின் வலி கடல் அலை போல ஏறி இறங்கும். ஒருவர் எப்போது மருத்துவரைத் தேடி வருவார்? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது, எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் ஓரளவு இறங்கத்தான் செய்யும். அந்தப் பெருமையை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடும்.

நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளே மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரையை மருத்துவர் அன்போடு கொடுத்தாலே பலருக்கு வலி குறைகிறது. இத்தகைய மாத்திரைக்குப் 'பிளாசிபோ' என்று பெயர். "நான் மகிழ்விப்பேன்" என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இது வெறும் மனப்பிரமை என்று எண்ணிவிட வேண்டாம். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கடைவாய்ப் பல் பிடுங்கப்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வெற்று மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நாலாக்ஸோன் என்ற பொருளைச் செலுத்தியதும் வலி திரும்பியது. நாலாக்ஸோன் என்பது அபினியைச் சேர்ந்த மருந்துகளின் வேலையைத் தடுக்கும் பொருள். அப்படியானால், நம்பிக்கை பிறந்ததும் மூளையே அபினி போன்ற பொருளைத் தனக்குத் தானே சுரந்துகொள்கிறது என்று ஊகிக்கலாம்.

காலமும் நம்பிக்கையும் செய்யும் வேலையை எப்படிக் கழிப்பது? இன்னும் ஒரு 100 பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் 20 பேருக்கு வலி பாதியாகக் குறைந்தால், புதிய மாத்திரையின் உண்மையான பங்கு 30-இல் 20 போக மீதி 10 தான்.

யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுத்தால், நோய் குறைவாக உள்ளவர்களை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். எனவே குலுக்கல் வேண்டும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் நடந்து 1948-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலறிஞர் குலுக்கல் முடிவுகளை ஒட்டிய உறைகளில் வைத்து அனுப்பினார். அந்த முறை விரைவிலேயே நம் சென்னைக்கும் வந்தது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருந்து ஆய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருத்துவ விடுதியிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் சிகிச்சை அளித்தது. வீட்டில் மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். உலகம் முழுவதும் காசநோய் விடுதிகள் மூடப்படுவதற்கு வழிகோலிய ஆய்வு அது.

குலுக்கலோடு இன்னொரு பூட்டும் உண்டு. எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரிடம் வலியைக் கேட்டு எழுதும் மருத்துவருக்கும் தெரியாது. இதை 'டபிள் பிளைண்ட்' முறை என்பார்கள். இருவர் கண்ணையும் கட்டிவிடும் விளையாட்டு! நோயாளியின் சொல்லே தராசாக உள்ள ஃபைப்ரோமயால்ஜியாவில் இந்தப் பூட்டு இல்லாத ஆய்வை நம்புவது கடினம்.

சேருபவர் என்ன செய்கிறார்?

45 வயதுள்ள ஓர் அம்மையார் இத்தகைய ஆய்வில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவரிடம் பல பக்கங்கள் கொண்ட தாள்களைத் தருகிறார்கள். மருந்து என்ன, என்ன கெடுதல் வரலாம், வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகும், எந்த நாளிலும், காரணமே சொல்லாமல் அவர் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்? அமெரிக்காவில் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 400 பேரை அரசு மருத்துவர்கள் உண்மையைச் சொல்லாமல் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. இத்தகைய கொடுமைகளுக்குப் பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. எந்த ஆய்வையும் அதில் பங்கில்லாத நெறிமுறைக் குழு ஒன்று முதலில் படித்து ஒப்ப வேண்டும். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டு முதல், ஆய்வு தொடங்கும் முன்பே அதைப் பொதுப் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று பின்னால் ஒளித்து வைக்க முடியாது.

அடுத்ததுதான் கடினமான கட்டம். அந்த அம்மையார் அதுவரை உண்டுவந்த வலி மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாக நிறுத்த வேண்டும். பழைய மருந்து உடலில் இருந்தால் புதியதன் வேலையைப் பிரித்தறிய முடியாது. ஒன்றிரண்டு வாரம் வலி ஏறும். தாங்க முடியாதபோது பாரசிட்டமால் போன்றவற்றை உண்ண அனுமதி உண்டு. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

பிறகு 12 அல்லது 14 வாரம் நாள்தோறும் மாத்திரை. நாள்தோறும் ஒரு வேலை: கடந்த 24 மணி நேர வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய வலி. முன்பு நாட்குறிப்பில் எழுதினார்கள். இப்போது கைக்கருவியில் பதிகிறார்கள். காரணம் என்ன தெரியுமா? தாளில் எழுதச் சொன்னால் சிலர், நாம் கோடை விடுமுறையின் கடைசி நாளில் வீட்டுப்பாடம் எழுதுவது போல, மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று மொத்தமாக நிரப்பிவிடுகிறார்கள்! கருவியோ பதிந்த நேரத்தையும் குறித்துக்கொள்கிறது.

அம்மையாருக்கு வெற்று மாத்திரை கிடைத்திருந்தால் அவரை ஏமாற்றியது ஆகாதா? உயிருக்கு ஆபத்தான நோயில், நல்ல மருந்து கையில் இருக்கும்போது இப்படிச் செய்தால் அது குற்றமே. இந்த நோயால் உயிர் போவதில்லை. கிடைத்துள்ள மருந்துகளும் அரைகுறையானவை. வெற்று மாத்திரை கிடைக்கலாம் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே இது ஏமாற்று அல்ல என்பதே பெரும்பாலோர் முடிவு. இருந்தாலும் அந்த மூன்று மாத வலியை அனுபவிப்பவர் அவர்தான். அவருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தராசு காட்டியது

இத்தகைய ஆய்வுகளைக் கடந்து அமெரிக்காவில் மூன்று மருந்துகள் அனுமதி பெற்றன: 2007-இல் பிரிகாபலின், 2008-இல் டுலாக்ஸெடின், 2009-இல் மில்நாசிபிரான். விந்தை என்னவென்றால், அதே காலத்தில் ஐரோப்பிய மருந்துக் கழகம் இந்த மூன்றையும் இந்நோய்க்கு ஏற்க மறுத்துவிட்டது. பயன் சிறிது, நெடுநாள் நிலைக்கும் என்பதற்குச் சான்று போதாது என்றது. இரு தரப்பாரும் ஒரே வகையான எண்களைத்தான் பார்த்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெற்று மாத்திரையைவிட ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவர் கூடுதலாக நல்ல பயன் பெறுகிறார். அந்த ஒருவருக்காக அனுமதிப்பதா, மற்ற ஒன்பது பேரின் தலைசுற்றலையும் குமட்டலையும் எண்ணி மறுப்பதா? எண்கள் இதற்கு விடை சொல்வதில்லை.

நான்காவது மருந்தின் கதை இன்னும் சுவையானது. சைக்ளோபென்சாபிரின் என்ற தசைத் தளர்வு மருந்து 1977 முதல் அமெரிக்காவில் புழங்கி வருகிறது. அதை இரவில் நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரையாக மாற்றினார்கள். நாக்கின் அடியிலிருந்து மருந்து கல்லீரலைச் சுற்றிப் போகாமல் நேரே இரத்தத்தில் கலக்கும். ஆழ்ந்த தூக்கத்தைத் திருத்தினால் வலி குறையும் என்பது எண்ணம். டொராண்டோ மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டில் முதல் பெரிய ஆய்வு தோற்றது. அளவை இரட்டிப்பாக்கினார்கள். 2020-இல் அடுத்த ஆய்வு வென்றது. 2021-இல் அதற்கடுத்தது தோற்றது. கொரோனாக் காலத்தில் நடந்த அந்த ஆய்விலிருந்து இடையிலேயே விலகியவர்கள் வழக்கத்தைவிட மிகுதி. 2023-இல் இன்னொன்று வென்றது. 2025 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரவுதோறும் நாக்கின் அடியில் மாத்திரை வைத்ததன் பயன் இது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த மாத்திரை பலருக்கு நாக்கை மரத்துப் போகச் செய்கிறது. நாக்கு மரத்தால், "ஓகோ, எனக்குக் கிடைத்தது உண்மை மருந்துதான்" என்று ஊகிக்க முடியாதா? கண்கட்டு நழுவிவிடுகிறதே! பிரிகாபலின் தரும் தலைசுற்றலுக்கும் இதே குறை பொருந்தும். இதை முழுவதும் தீர்க்க வழி இல்லை. முடிவுகளைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மாத்திரை இல்லாத சிகிச்சை என்றால் சிக்கல் இன்னும் பெரிது. சீனர்களின் 'தாய் சி' என்ற மெதுவான உடற்பயிற்சியை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 66 நோயாளிகளிடம் சோதித்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெற்று மாத்திரை செய்யலாம். வெற்று உடற்பயிற்சி செய்வது எப்படி? அவர்கள் கண்ட வழி இது. ஒரு பாதியினருக்கு வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் தாய் சி. மற்றவர்களுக்கு அதே வாரம் இருமுறை, அதே ஒரு மணி நேரம், நோயைப் பற்றிய பாடமும் உடலை நீட்டி மடக்கும் பயிற்சியும். கவனிப்பும் நேரமும் கூட்டாளிகளின் பேச்சும் இருவருக்கும் சமம். 12 வாரம் கழிந்தபோது, நோயின் சுமையைக் குறிக்கும் நூற்றுக்கான மதிப்பெண் தாய் சி குழுவில் 63-இலிருந்து 35-ஆக இறங்கியது. மற்றக் குழுவில் 68-இலிருந்து 59-ஆகவே இறங்கியது. மருந்துகள் காட்டிய பயனோடு ஒப்பிட்டால் இது பெரிது. ஆனால் தாம் செய்வது தாய் சி என்று செய்பவருக்குத் தெரியாமலா இருக்கும்?

உங்கள் வயதினர்

பள்ளி மாணவர்களுக்கும் இந்த நோய் வரும், பெரும்பாலும் மாணவிகளுக்கு. பெரியவர்களுக்குப் பயன்பட்ட பிரிகாபலினையும் டுலாக்ஸெடினையும் இளைஞர்களிடம் தனியே குலுக்கல் முறையில் சோதித்தார்கள். இரண்டுமே வெற்று மாத்திரையைத் தெளிவாக வெல்ல முடியவில்லை. பெரியவர் மருந்தைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் சிறியவர் மருந்தாகிவிடும் என்பது சரியல்ல.

2012-ஆம் ஆண்டில் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வில், 11 முதல் 18 வயது வரை உள்ள 114 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு வலியை எதிர்கொள்ளும் மனப்பயிற்சி: தளர்வாக இருக்கக் கற்பது, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, "இனி என்னால் எதுவும் முடியாது" என்ற எண்ணத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பது. மற்றவர்களுக்கு நோய் பற்றிய பாடம் மட்டும். வலியின் எண் இரு குழுவிலும் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் மனப்பயிற்சி பெற்றவர்களால் பள்ளி, விளையாட்டு, வீட்டு வேலை ஆகியவற்றை முன்பைவிட நன்றாகச் செய்ய முடிந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியும் தோல்வியும் இடம் மாறுகின்றன!

18 வயது நிரம்பாதவர் ஆய்வில் சேரப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அது மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி 7 வயது முதல் பிள்ளையின் வாய்மொழி இசைவையும், 12 வயதுக்கு மேல் எழுத்து மூலமான இசைவையும் கேட்டுப் பெற வேண்டும். அந்தத் தாளில் மாணவரின் கையெழுத்துக்கென்று தனியே ஓர் இடம் விடப்பட்டிருக்கும்.